கரண்ட் போனால் நெட் வந்தது

எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் நெட் வரும் என்று சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. ஆபீஸில் நம்பவில்லை, நெட் லைன் கொடுத்த கம்பெனியில் நம்பவில்லை, தூத்துக்குடியில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் என் வீட்டுக்காரரும் நம்பவில்லை. ஆனால் அதுதான் நடந்தது, ஐந்து வாரம் நடந்தது. அந்த ஐந்து வாரத்தில் ஒரு தடவை லேப்டாப்பை முழுசாக அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டேன், மூன்று தடவை நெட் கம்பெனி லைன்மேன் தம்பியை வரவழைத்தேன், நெல்லைக்கு பஸ் ஏறி வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்கும் போய் வந்தேன். கடைசியில் கோளாறு இருந்தது லேப்டாப்பிலும் இல்லை, லைனிலும் இல்லை. இதே மாதிரி கஷ்டப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தோன்றுவதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீடு வீரவநல்லூரில். கீழே தெருவைப் பார்த்த பக்கம் மாமனாருடைய உரக்கடை, அதற்குப் பின்னால் குடோன், பக்கவாட்டில் தார்சா வழியாக ஏறினால் மச்சு. மச்சில்தான் என் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு வீட்டில் இருந்தபடியே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். அதனால் மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் எனக்கு ரொம்ப முக்கியம், 11-க்குள் விற்பனை விவரம் போக வேண்டும், 20-க்குள் வரியோடு ரிட்டர்ன் போக வேண்டும். நெட் மோடம் மச்சில் என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில். வீட்டுக்கு இன்வெர்ட்டர் உண்டு. கடைக்குத் தனி மீட்டர், இன்வெர்ட்டர் கிடையாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன செப்டம்பரில் மாமா கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டார்கள். கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் இருப்பு பார்க்க ஒரு கம்ப்யூட்டர். இரண்டையும் இணைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று வந்தவர் கேட்க, வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரூட்டர் ஒன்றை அத்தை பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நல்லதாகப் போயிற்று, அதுவே போதும் என்று அதை மாட்டிவிட்டு, சாயங்காலம் நான் கடைக் கணக்கை மேலே இருந்தே பார்க்கட்டும் என்று ஒரு கேபிளை மச்சுக்கும் இழுத்துவிட்டுப் போனார். கேபிள் ஒரு மாதம் சுவரில் சுருண்டு தொங்கியது. அக்டோபர் பாதியில், தீபாவளிக் கணக்கு முடிக்கலாம் என்று அதை லேப்டாப்பில் சொருகினேன். அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில் இருந்து நெட் தகராறு ஆரம்பித்தது. ஆனால் கேபிளையும் நெட்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை, ஏனென்றால் என் மனதில் நெட் என்றால் வைஃபை, கேபிள் என்றால் கடைக் கணக்கு. இரண்டும் வேறு வேறு.

எப்படி இருந்தது என்றால், வைஃபை சின்னம் முழுசாக இருக்கும். இணைக்கப்பட்டது என்றே காட்டும். ஆபீஸ் சர்வரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வரும். அதே நேரம் அதே அறையில் அதே வைஃபையில் என் போன் பிரமாதமாக ஓடும். இன்னும் குழப்பம் என்னவென்றால், லேப்டாப்பிலேயே யூடியூப் ஓடும், கூகுள் திறக்கும். லைன்மேன் தம்பி வந்தார், யூடியூபைப் போட்டுப் பார்த்தார், "நல்லாத்தானக்கா ஓடுது, உங்க ஆபீஸ் சைட்டுதான் மக்கர் பண்ணுது" என்றார். ஆபீஸில் கேட்டால் மற்ற எல்லோருக்கும் ஓடுகிறது, உங்கள் லைனைப் பாருங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது, அப்போது அழுகைதான் வந்தது. பிரிண்டரும் பகலில் வேலை செய்யாது, அது வைஃபை பிரிண்டர். அது வேறு பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் ஒழுங்காக ஓடும். பகலில் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவார்கள், லோடு அதிகம், அதனால்தான் என்று கம்பெனியில் போனில் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து பார்ப்பார், எல்லாம் ஓடும், பிரிண்டர் கூட ஓடும், எங்கே என்ன கோளாறு என்று கேட்பார். வண்ணார்பேட்டைக் கடையிலும் அதே கதை. அங்கே அவர்களுடைய வைஃபையில் போட்டதும் ஆபீஸ் சர்வர் பளிச்சென்று திறந்துவிட்டது. வைஃபை கார்டு இடையிடையே சூடாகி நின்றுபோகும், மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று வந்துவிட்டேன், அது மட்டும்தான் அந்த மாதத்தில் நான் எடுத்த சரியான முடிவு. ஆனால் வந்த பிறகு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே சுற்றல்.

அப்புறம்தான் கணக்கு எழுதுகிற பழக்கம் கைகொடுத்தது. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, நெட் போன நேரம், வந்த நேரம் என்று இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஏழு நாள். ஊகம் எதுவும் எழுதவில்லை, நேரம் மட்டும். காலை 8.40 போயிற்று. மதியம் 1.35 வந்தது. 4.05 போயிற்று. இரவு 8.50 வந்தது. இப்படியே. இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதில் இருந்து இரண்டு மணி வரை மின்தடை. அன்றைக்கு ஒன்பதில் இருந்து இரண்டு வரை நெட் ஒரு தடவை கூடப் போகவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. நாலு மணிக்கு நெட் போயிற்று.

அந்த நோட்டைச் சாப்பிட வந்த மாமாவிடம் சும்மா காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, நெட்டு போவுத நேரமெல்லாம் நம்ம கடை திறந்திருக்க நேரம்லா."

கடை திறப்பது எட்டரைக்கு. மதியம் ஒன்றரைக்குச் சாத்தி நாலுக்குத் திறப்பார், ராத்திரி எட்டே முக்கால் வாக்கில் மூடுவார். சாத்தும்போதெல்லாம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார், நாற்பது வருஷப் பழக்கம். ஞாயிறு விடுமுறை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடையில் கரண்ட் இருந்தால் எனக்கு நெட் இல்லை. கடையில் கரண்ட் இல்லையென்றால் நெட் உண்டு. கடைக்கும் என் லேப்டாப்புக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு கேபிள்.

நாலு மணிக்குக் கடை திறந்ததும் சோதனை பண்ணினேன். இதை நீங்களும் செய்து பார்க்கலாம், ஒரு ரூபாய் செலவில்லை. விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தி, சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்று தட்டி, இடம் விட்டு 8.8.8.8, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் (ping 8.8.8.8 -t). அந்த நாலு எட்டு கூகுள் நடத்தும் ஒரு சர்வரின் எண். நிறுத்தச் சொல்லும் வரை அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். திரையில் பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. கேபிள் முனையில் இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் நாக்கைக் கட்டைவிரலால் அமுக்கி உருவினேன். இன்னும் ஒரே ஒரு பதில் இல்லை வந்தது. அடுத்த வரியில் இருந்து பதில், 34 மில்லி விநாடி, பதில், 36, பதில், 33. திரும்பச் சொருகினேன், நின்றுவிட்டது. நாலைந்து தடவை உருவி உருவிச் சொருகினேன். ஐந்து வாரமாகப் பிடிபடாத ஒன்று என் விரலுக்கு அடியில் வந்து போய்க்கொண்டிருந்தது.

சரி, கேபிளைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் கடைக் கணக்கு வேண்டும், பிசானப் பயிருக்கு உரம் போகிற நேரம், தினமும் எண்பது தொண்ணூறு பில். அதோடு ஏன் என்று தெரியாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

ஏன் என்பது அதே கறுப்புத் திரையில் இருக்கிறது. ரூட் என்றும் பிரிண்ட் என்றும் இடம் விட்டு இரண்டு சொல்லாகத் (route print) தட்டினால், உங்கள் லேப்டாப் எந்த ஊருக்கு எந்த வழியாகப் போகிறது என்கிற வழிப் பட்டியலைக் காட்டும். முதல் தடவை பார்த்தால் எண்களாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். ஐந்து பத்தி. போக வேண்டிய இடம், அதன் அளவைச் சொல்லும் மாஸ்க், போய்ச் சேர வேண்டிய வாசல், நம் பக்கத்தில் கிளம்பும் இடம், கடைசியில் மெட்ரிக் என்று ஒரு எண். வாசல் என்று நான் சொல்வதைத்தான் கேட்வே என்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது 0.0.0.0 என்று ஆரம்பிக்கும் வரி. அதற்கு அர்த்தம், பட்டியலில் பெயர் இல்லாத மற்ற எல்லா ஊருக்கும் இந்த வழி. இந்த வரி சாதாரணமாக ஒன்றுதான் இருக்கும். எனக்கு இரண்டு இருந்தது.

ஒன்று கேபிள் வழியாக, வாசல் 192.168.1.1, மெட்ரிக் 35. இன்னொன்று வைஃபை வழியாக, வாசல் அதே 192.168.1.1, மெட்ரிக் 50.

மெட்ரிக் என்பது அந்த வழியில் போக ஆகும் செலவு மாதிரி. ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் எண் குறைந்த வழியைத்தான் லேப்டாப் எடுக்கும். அந்த எண்ணை விண்டோஸே போட்டுக்கொள்கிறது, கம்பியா வைஃபையா என்பதையும் இணைப்பின் வேகத்தையும் பார்த்துப் போடுகிறது. அந்த வழியின் மறுமுனையில் இன்டர்நெட் இருக்கிறதா என்பது இந்த எண்ணில் சேராது. கீழே பரணில் இருந்து இறங்கிய பழைய ரூட்டர், தான் இன்னமும் ரூட்டர் என்று நினைத்துக்கொண்டு, கேபிளில் வந்து சேருகிற எல்லாவற்றுக்கும் ஒரு ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி, கொடுத்து, வெளியே போக நான்தான் வாசல் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் எந்த லைனும் இல்லை. லேப்டாப் அதை நம்பி எல்லாவற்றையும் அங்கே அனுப்பியது. கடை மெயினை அணைத்தால் ரூட்டர் சாகும், கேபிள் வழி பட்டியலில் இருந்தே மறையும், வைஃபை வழி மட்டும் மிஞ்சும், நெட் வரும். கரண்ட் போனால் நெட் வந்தது இப்படித்தான்.

இதை மாமாவிடம் சொன்னேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர், எனக்கு இரண்டு நாள் பிடித்தது அவருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"ரெண்டு மடையும் திறந்து கிடந்தா தண்ணி தாழ்ந்த பக்கந்தாம்மா போவும். அங்கன வாய்க்கா தூந்து கிடக்குன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

இதை விட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எண் குறைவாக இருக்கும் வழிதான் தாழ்ந்த மடை.

யூடியூப் மட்டும் ஏன் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது நிறையப் பேரைத் திசை திருப்பும். இன்டர்நெட்டில் இப்போது இரண்டு விதமான முகவரி முறை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது, பழைய ஐபி நாலாம் பதிப்பு, புதிய ஆறாம் பதிப்பு. இரண்டுக்கும் வழிப் பட்டியல் தனித்தனி, ரூட் பிரிண்ட் போட்டால் கீழே இரண்டாவதாக ஆறாம் பதிப்பின் பட்டியலும் வரும். எங்கள் மோடம் இரண்டையும் கொடுக்கிறது, பரணில் இருந்து வந்த பெட்டிக்கு நாலாம் பதிப்பு மட்டும்தான் தெரியும். அதனால் ஆறாம் பதிப்பில் வைஃபை ஒன்றுதான் வழி, அதில் தகராறே இல்லை. கூகுளும் யூடியூபும் ஆறாம் பதிப்பிலும் கிடைப்பவை, அவை ஓடின. எங்கள் ஆபீஸ் சர்வர் நாலாம் பதிப்பில் மட்டும் இருந்தது, அது ஓடவில்லை. ஆகவே சில தளம் திறக்கிறது, சில தளம் திறக்கவில்லை என்றால் தளத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் பிங் 8.8.8.8 போட்டுப் பாருங்கள், அந்த எண் நாலாம் பதிப்பு முகவரி, அந்த வழி திறந்திருக்கிறதா என்று அது நேராகச் சொல்லிவிடும்.

நான் இன்னொரு இடத்திலும் ஏமாந்தேன். இரண்டாவது வாரமே டிரேசர்ட் (tracert) என்கிற கட்டளையைப் போட்டுப் பார்த்திருந்தேன், அனுப்புவது எந்தெந்த வாசல் வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். முதல் வாசல் 192.168.1.1 என்று காட்டி, அதற்குப் பிறகு வெறும் நட்சத்திரம். நம் மோடத்தின் எண் 192.168.1.1, ஆகவே மோடம் வரை போகிறது, அதற்கு அப்பால் லைன் செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டி லைன்மேன் தம்பியிடம் கோபமாகவே பேசிவிட்டேன். அது மோடம் இல்லை. கீழே இருக்கும் பழைய ரூட்டரின் எண்ணும் 192.168.1.1.

இது தற்செயல் இல்லை. வீட்டுக்குள், கடைக்குள் மட்டும் புழங்க என்று சில எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்கிற விதிப்படி 10-ல் ஆரம்பிக்கும் எண்கள், 172.16-ல் இருந்து 172.31 வரை, அப்புறம் 192.168-ல் ஆரம்பிக்கும் எண்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே போகாது. அதில் பெட்டி தயாரிக்கிறவர்கள் பலரும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றே வைத்து விற்கிறார்கள். கோயில் இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு சன்னதித் தெரு இருக்கிற மாதிரி. ஊர் பெயர் இல்லாமல் சன்னதித் தெரு, ஏழாம் நம்பர் என்று மட்டும் எழுதிய கடிதம் எங்கே போய்ச் சேரும்?

ஒரே எண்ணில் இருக்கும் இரண்டு பெட்டியைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே கறுப்புத் திரையில் ஏஆர்பி என்று தட்டி, இடம் விட்டு ஒரு சிறு கோடும் ஏ எழுத்தும் (arp -a). ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தப் பெட்டிக்குத் தயாரிக்கும்போதே கொடுத்த அடையாள எண்ணான மேக் முகவரி வரும், இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. எனக்கு 192.168.1.1 இரண்டு இடத்தில் வந்தது, கேபிள் பக்கம் ஒன்று, வைஃபை பக்கம் ஒன்று, ஆறு ஜோடியும் வேறு வேறு. மோடத்தைச் சுவரில் இருந்து மெதுவாகச் சாய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன், தூசியைத் துடைத்ததும் வைஃபை பக்கத்து முகவரி அப்படியே இருந்தது. கீழே போய்ப் பழைய ரூட்டரைத் திருப்பினால், பொட்டாஷ் தூள் படிந்த ஸ்டிக்கரில் மற்றது. சந்தேகமே இல்லை.

இனி சரி பண்ணியது. முதலில் செய்தது பாதிதான் சரி, அதையும் சொல்கிறேன். விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி என்சிபிஏ புள்ளி சிபிஎல் (ncpa.cpl) என்று தட்டினால் நெட்வொர்க் இணைப்புகள் எல்லாம் ஒரு பக்கத்தில் வரும். அதில் ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) என்பதன் பண்புகளுக்குள் போய், நாலாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் பண்புகள், அதற்குள் மேம்பட்ட அமைப்பு. அடியில் தானாகவே மெட்ரிக் போடு என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு 500 என்று போட்டேன். அவ்வளவுதான், கேபிள் மடை மேலே ஏறிவிட்டது, கடை திறந்திருக்கும்போதே ஆபீஸ் சர்வர் திறந்தது, பிரிண்டரும் உயிர் வந்து முந்தாநாள் கொடுத்த நாலு பக்கத்தையும் சேர்த்து அடித்துத் தள்ளியது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் கடைக் கணக்கைத் திறந்தால் கவுண்டர் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

மறுபடி வழிப் பட்டியல்தான் விடை சொன்னது. 0.0.0.0 வரி மட்டும் இரண்டாக இல்லை, 192.168.1.0 என்கிற வரியும் இரண்டு இருந்தது. கடை நெட்வொர்க்கும் 192.168.1 வரிசை, வீட்டு வைஃபையும் 192.168.1 வரிசை. கவுண்டர் கம்ப்யூட்டர் 192.168.1.100 கீழே கேபிளில் இருக்கிறது, பிரிண்டர் 192.168.1.20 மேலே வைஃபையில் இருக்கிறது, லேப்டாப்புக்கு இரண்டும் ஒரே தெருவாகத் தெரிகிறது. முன்னால் கேபிளின் மெட்ரிக் குறைவு, அதனால் பிரிண்டருக்குப் போவதும் கடைக்குப் போய்த் தொலைந்தது. இப்போது வைஃபையின் மெட்ரிக் குறைவு, கடைக்குப் போக வேண்டியது மேலேயே சுற்றுகிறது. பிரிண்டர் கோளாறு வேறு என்று நான் ஒதுக்கி வைத்தது தப்பு, அதுவும் இதே கோளாறு. மெட்ரிக்கை எப்படி மாற்றினாலும் இரண்டில் ஒன்று போகும். ஒரு தெருவின் பெயரை மாற்றியே ஆக வேண்டும்.

எதை மாற்றுவது என்று யோசித்தேன். கடைப் பக்கம் மாற்றினால் பில்லிங் சாஃப்ட்வேரில் கவுண்டர் எண்ணை எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறார்களோ தெரியாது, உரம் வாங்க ஆள் நிற்கும்போது பில் நின்றால் மாமா பாடு. வைஃபை பக்கம் என்றால் மோடத்தில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், போன்கள் எல்லாம் தானாகப் புது எண் வாங்கிக்கொள்ளும். ஆகவே மோடம்.

கேபிளைக் கழற்றிவிட்டு, இல்லையென்றால் கீழே இருக்கும் பெட்டியின் பக்கம் திறந்து தொலைக்கும், பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தேன். கடவுச்சொல் பொதுவாக அடியில் இருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும், இல்லையென்றால் லைன்மேனிடம் கேளுங்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். லேன் (LAN) என்கிற பகுதியில் 192.168.1.1 என்று இருந்ததை 192.168.5.1 ஆக்கி, அதற்குக் கீழே எண் கொடுக்கும் வரம்பையும் 192.168.5 வரிசைக்கு மாற்றிச் சேமித்தேன். சேமித்ததும் பக்கம் அப்படியே நின்றுவிடும். பயந்துவிடாதீர்கள், பழைய முகவரியில் இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டுவிட்டுப் புது எண்ணைத் தட்டினால் திறக்கும். ஏதாவது தடுமாறினால் ஊசி ஓட்டையில் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள், லைன்காரர்கள் போட்டு வைத்த விவரமும் அழிந்து நெட்டே இல்லாமல் போகலாம். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் அதுவும் புது எண் வாங்கியது, லேப்டாப்பில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். புது எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மோடத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

கேபிளைத் திரும்பச் சொருகினேன். ரூட் பிரிண்ட் போட்டால் 192.168.1.0 வரி ஒன்று, கேபிள் வழியாக. 192.168.5.0 வரி ஒன்று, வைஃபை வழியாக. 0.0.0.0 இன்னும் இரண்டு இருந்தது, ஆனால் கேபிள் வரியின் மெட்ரிக் 500, அது சும்மா கிடக்கும். அதுவும் கிடக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் கேபிளுக்கு ஐபி எண்ணைக் கையால் எழுதிக் கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம், எழுதும் எண் மட்டும் ரூட்டர் தானாகக் கொடுக்கும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் குடோன் கம்ப்யூட்டருக்கும் அதே எண் போய் இரண்டும் மோதும்.

மெட்ரிக்கைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். அது எப்போது கணக்கில் வரும் என்றால், போகிற இடம் ஒரே அளவில் குறிப்பிடப்பட்டிருக்கும்போது மட்டும்தான். இன்னும் குறிப்பான வழி ஒன்று இருந்தால் மெட்ரிக் என்னவானாலும் அதுதான் ஜெயிக்கும். ஒரே அளவு வழிகள் மோதியதற்கு இன்னொரு உதாரணம், பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு நடந்தது. வீட்டில் இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக உதவும் விபிஎன் போட்டால் வீட்டுப் பிரிண்டர் காணாமல் போகும். அவளுடைய ஆபீஸும் 192.168.1 வரிசை, வீடும் 192.168.1 வரிசை. அவளுக்கும் மோடத்தை 5-க்கு மாற்றியதும் தீர்ந்தது. குறிப்பான வழி ஜெயிப்பதற்கு உதாரணம், சில விபிஎன்கள் 0.0.0.0 என்கிற ஒரு பெரிய வழிக்குப் பதிலாக உலகத்தையே இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு வழி போடும், ஒன்று 0.0.0.0, இன்னொன்று 128.0.0.0, மாஸ்க் இரண்டிலும் 128.0.0.0. அப்படிப் பார்த்தால் மெட்ரிக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், விபிஎன்னை அணைத்துவிட்டுப் பாருங்கள். பட்டியலின் அடியில் நிரந்தர வழிகள் என்று தனியாக ஒன்று வரும், அதில் நீங்கள் போடாத வரி ஏதாவது இருந்தால் யாரோ எப்போதோ போட்டு மறந்ததாக இருக்கலாம், லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் அது போகாது.

லைன்மேன் தம்பி அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தார். கூப்பிட்டு, கோபப்பட்டதற்கு வருத்தம் சொல்லி, காபி கொடுத்து, நோட்டையும் கறுப்புத் திரையையும் காட்டினேன். கேபிளை உருவிச் சொருகி அவரே பார்த்தார். "இதே மாதிரி கல்லிடைக்குறிச்சியில ஒரு வீட்ல ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்காங்கக்கா" என்று அந்தக் கட்டளைகளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 20 அன்று பகல் பதினொன்றரைக்கு உட்கார்ந்து ஆறு ரிட்டர்ன் போட்டேன். கீழே யூரியா வாங்கக் கூட்டம், மாமா சத்தமாக மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார், பில் மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது, என் பக்கத்தில் பிரிண்டர் ரசீதுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நெட்டு இருக்காம்மா?" என்று தார்சாவில் இருந்து மாமா குரல் கொடுத்தார்.

"இருக்கு மாமா, கடை திறந்துதான் இருக்கு."